தானே கற்கும் மாணவிக்குத் துணை வேண்டாமா?

அவரவர் விருப்பம்போல், அவரவர் வேகத்தில், அவரவரே கற்க வேண்டும் என்னும் பேச்சு இன்று பல்கலைக்கழகங்களிலே ஓங்கி ஒலிக்கின்றது. கைபேசியைத் திறந்தால் பாடம். கணினியைத் தட்டினால் தேர்வு. ஐயம் எழுந்தால் நொடியில் விடை தரும் செயற்கை நுண்ணறிவு. இனி வகுப்பறை எதற்கு, ஆசிரியர்தாம் எதற்கு என்று கேட்பாரும் உளர். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலிலே நிற்கப்போகும் நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பது நலம். இதன் நன்மையும் தீமையும் நம் மதிப்பெண் பட்டியலில் வந்து விழப்போகின்றனவே!

இவ்வெண்ணம் கைபேசியோடு பிறந்ததன்று. 1964-ஆம் ஆண்டிலேயே, பிரேசில் நாட்டின் புதிய தலைநகரான பிரேசிலியாவின் பல்கலைக்கழகத்தில் இது நடந்து பார்க்கப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் பிரெட் கெல்லர், அவருடைய நண்பர் கில்மோர் ஷெர்மன், பிரேசிலைச் சேர்ந்த ரொடால்போ அசி, கரோலினா போரி ஆகிய நால்வர் இதை வகுத்தனர். நால்வருள் ஒருவர் பெண் என்பதை நாம் இங்கே பெருமையோடு குறித்துக்கொள்கிறோம். நாட்டில் இராணுவ ஆட்சி ஏற்பட்ட காலம் அது. 1965-இல் அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் 200-க்கும் மேற்பட்டோர் பதவி விலகினர். அங்கே முயற்சி தடைப்பட்டது. கெல்லரும் ஷெர்மனும் அதனை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தொடர்ந்தனர். 1968-இல் கெல்லர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘போய் வாருங்கள், ஆசிரியரே’ என்னும் பொருள் தருவதாக இருந்தது.

அந்த முறை எப்படிப்பட்டது? பாடம் சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் எழுத்து வடிவில் வழிகாட்டிக் குறிப்பு உண்டு. மாணவர் தமக்கு இயன்றபோது படித்து, தயார் என்று தோன்றும் நாளில் வந்து தேர்வு எழுதலாம். முழுத் தேர்ச்சி பெற்றாலன்றி அடுத்த பகுதிக்குப் போக முடியாது. தவறினால் தண்டனை இல்லை. மதிப்பெண் குறைப்பும் இல்லை. மீண்டும் படித்து மீண்டும் எழுதலாம். ஒருவர் விரைந்து முடிப்பார், மற்றொருவர் மெல்ல முடிப்பார். இருவருக்கும் ஒரே தகுதிதான். ஆசிரியரின் சொற்பொழிவு எப்போதாவது நடக்கும், ஆர்வமூட்டுவதற்காக மட்டும். அதற்கு வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இம்மட்டும் கேட்டால் இன்றைய கணினிப் பாடத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்றே தோன்றும். ஆனால் ஒன்று இருந்தது. தேர்வு எழுதி முடித்ததும், அதே பாடத்தை முன்பே நன்கு கற்றுத் தேறிய மற்றொரு மாணவர் எதிரே அமர்ந்து அங்கேயே விடைத்தாளைத் திருத்துவார். ‘இதை ஏன் இப்படி எழுதினாய்? உன் வாயால் சொல், பார்ப்போம்’ என்று கேட்பார். சொன்ன விளக்கம் சரியென்றால் அடுத்த பகுதி. இல்லையென்றால் எங்கே மீண்டும் படிக்க வேண்டும் என்று காட்டுவார். பேராசிரியரிடம் வாய் திறக்க அஞ்சும் பிள்ளையும் தன்னைப்போன்ற ஒருவரிடம் தயங்காமல் பேசுவாள் அல்லவா? இந்தத் துணை மாணவரைக் கெல்லர் தம் முறையின் இன்றியமையாத பகுதியாக வைத்தார். அவர் பணிக்குக் கல்வித் தகுதிப் புள்ளியும் வழங்கினார்.

பலன் என்ன? 1979-இல் ஜேம்ஸ் கூலிக் முதலான மூவர், கெல்லர் முறையையும் வழக்கமான வகுப்பையும் ஒப்பிட்ட 75 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தனர். கெல்லர் முறையில் கற்றோரே இறுதித் தேர்வில் மேலோங்கி நின்றனர். அப்படியிருந்தும் அம்முறை பின்னர் மங்கியது. பாடக் குறிப்புகளையும் பல படித் தேர்வுத்தாள்களையும் ஆயத்தம் செய்வது பெரும் உழைப்பு. மற்றொரு காரணம் நமக்கு நன்றாகவே தெரிந்தது: நாளை, நாளை என்று தள்ளிப்போடுவது!

தள்ளிப்போடுதலைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. நம்மில் பலருக்கு நேரம் நம் கையில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்பறையில் இருக்கும்வரை அந்த மணிநேரம் நமக்கே உரியது. வீட்டில் கைபேசியோடு அமர்ந்தால், ‘சும்மாதானே இருக்கிறாய், தம்பிக்குத் தோசை ஊற்று’ என்ற குரல் வரும். அண்ணன் அதே கைபேசியோடு அமர்ந்தால் அவன் படிக்கிறான். (அண்ணன்மார் இதனைப் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள்க.) விருப்பமான வேகம் என்பது, தடையற்ற நேரம் உடையவருக்கே முழுதும் கிட்டும்.

2011-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் இருவர், செபாஸ்டியன் துரனும் பீட்டர் நோர்விகும், செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடத்தை இணையத்தில் இலவசமாகத் திறந்தனர். ஏறத்தாழ 1,60,000 பேர் பதிவு செய்தனர். முடித்தோர் ஏறத்தாழ 23,000 பேர். ஏழு பேரில் ஒருவர்! முடித்தவர்களின் தொகையே ஒரு சிறு நகரத்துக்கு ஒப்பாகும், அதை நாம் குறைத்துப் பேசவில்லை. எனினும், நின்றுவிட்ட அறுவரை ‘ஏன் அம்மா வரவில்லை?’ என்று கேட்க ஆள் இருந்திருக்குமா?

நம் நாட்டிலே ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் உண்டு. 2017-இல் தொடங்கப்பட்ட சுவயம் தளம் உண்டு. 2021-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை சுவயம் வழியாகக் கற்கக் கல்லூரி இடமளிக்கலாம். சிற்றூர்க் கல்லூரியில் சேரும் பெண்ணும் ஐ.ஐ.டி. பேராசிரியரின் பாடத்தைக் கேட்பது சாதாரண பேறா? இதை இரு கைகூப்பி வரவேற்கிறோம். ஆனால் வாரந்தோறும் ஒப்படைப்புக்குக் கெடு உண்டு. தேர்வுக்குத் தேதி உண்டு. விளக்கம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் பயின்று வருபவள் ஒரே காட்சியை மூன்று முறை ஓட்டிக் கேட்கிறாள். பல கல்லூரிகளில் இதற்கெனப் பொறுப்பாசிரியர் ஒருவர் இருக்கிறார். நூற்றுக்கணக்கானோர் பதிவு செய்திருந்தால் அந்த ஒருவர் எத்தனை பேரின் முகத்தைப் பார்க்க இயலும்?

செயற்கை நுண்ணறிவு அந்த இடத்தை நிரப்பும் என்கிறார்கள். நள்ளிரவிலும் சலிக்காமல் தமிழிலும் விளக்குகிறது, உண்மைதான். ஆயினும் விடையைப் பெறுவது வேறு, விடையைத் தன் வாயால் விளக்கித் தேறுவது வேறு. கெல்லரின் துணை மாணவர் விடையைத் தருவதைவிட விளக்கத்தைக் கேட்டார். பொறியிடம் ‘என்னைக் கேள்’ என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கட்டுரையை எழுதியே தந்துவிடும்.

ஆகவே நம் கோரிக்கை பெரிதன்று. சுவயம் பாடம் எடுக்கும் பத்து மாணவியருக்கு, அதை முன்பே முடித்த ஓர் அக்கா. வாரம் ஒரு மணி நேரம், கல்லூரி நேர அட்டவணைக்குள்ளேயே, வீட்டுவேலை குறுக்கிடாத இடத்தில். அந்த அக்காவின் உழைப்புக்கும் கெல்லர் தந்ததுபோல் தகுதிப் புள்ளி. சேர்க்கைக்குப் போகும் நாளில் விடுதி எங்கே, பேருந்து எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்கத்தான் போகிறோம். இதற்கு இங்கே ஏற்பாடு உண்டா என்பதையும், தோழியரே, அப்போதே சேர்த்துக் கேட்டுவிடுவோம்.