வெள்ளத்துக்கு முன் எண்ணியது யார்?

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. அடுத்த மாதம், பொன்னையாற்றின் மேல் முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலம் பழுதாகி, காட்பாடி வழி ரயில்கள் பல ரத்தாயின. இடிந்த வீடும் செத்த மாடும் கணக்கில் ஏறின. மாட்டுக்கு நிவாரணம் உண்டு, எனவே எண்ணிக்கையும் உண்டு. மடுவில் கிடந்த ஆமைக்கு யார் மனு கொடுப்பார்கள்?

பேரிடருக்குப் பிறகு போய் எண்ணுவது சுலபம். முன்பு எத்தனை இருந்தன என்று தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நிக்கோபார் கடலோரத்தில் மேடு கட்டி அதற்குள் முட்டையிடும் மெகபோடு பறவையை, கோவை சாலிம் அலி மையத்தின் ரவி சங்கரன் 1990-களிலேயே தீவு தீவாகக் கணக்கெடுத்திருந்தார். அதனால்தான், 2004 சுனாமிக்குப் பின் ஆய்வாளர் கே. சிவகுமார் மீண்டும் எண்ணியபோது, ஏறக்குறைய 70 விழுக்காடு அழிந்துவிட்டது என்று சொல்ல முடிந்தது. அதே சுனாமியை யானைகள் முன்கூட்டியே உணர்ந்து ஓடின என்ற கதை ஊரெங்கும் பரவியது. இலங்கையின் யால பகுதியில் ஏற்கெனவே செயற்கைக்கோள் பட்டை அணிந்திருந்த யானைகளின் பதிவோ அப்படிப்பட்ட ஓட்டம் எதையும் காட்டவில்லை. நல்ல கதைதான், பாவம்!

தோல் பதனிடும் நம் பகுதிக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். மழை வலுத்தால் கழிவுநீரைத் திறந்துவிடுகிறார்கள் என்பது ஆம்பூர், வாணியம்பாடி மக்களின் பழைய புகார். வெள்ளம் வடிந்தபின் மீன் செத்து மிதந்தால் காரணம் வெள்ளமா, கழிவா? முன்கணக்கு இல்லாத ஆற்றில் பழி முழுவதும் வெள்ளத்தின் தலையில் விழும், கழிவு தப்பித்துக்கொள்ளும். வெள்ளம் நன்மையும் செய்திருக்கலாம். ஆண்டுக்கணக்கில் வறண்ட மணலில் தண்ணீர் நின்றால் தவளையும் கொக்கும் திரும்பக்கூடும். அதையும் நிரூபிக்க வழியில்லை.

வனத்துறை ஆண்டுக்கொரு முறை பறவைகளை எண்ணுகிறது; அது போதாது. கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிகளிலும் பாலாற்றின் சில மடுக்களிலும் மாதம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம், அதே முறை என்று பறவை, மீன், தவளை எல்லாவற்றையும் எண்ண வேண்டும். காட்பாடியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றும் தென்படாத மாதத்தில் ‘இல்லை’ என்றே பதிவு செய்யட்டும், அதுவும் கணக்குதான். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஆயத்தக் கூட்டத்தில், மணல் மூட்டைப் பட்டியலோடு இந்தப் பதிவேடும் மேசைக்கு வரட்டும்.