விளக்கும் அதன் கடமையும்

மார்கழிப் பனி படிந்த விடியற்காலத்தில் புதுக்கோட்டை ஜில்லாவின் கிராமங்கள் வழியே செல்வோர் ஓர் அழகிய காட்சியைக் காணலாம். ஒரு தெருவில் கோயில் மணி ஒலிக்கும். வாசலில் கோலத்தின் நடுவே பூசணிப்பூ இருக்கும். அடுத்த தெருவில் கிறிஸ்தவர் வீட்டு முகப்பில், மூங்கில் சிம்பும் வர்ணக் காகிதமும் கொண்டு கட்டிய நட்சத்திர விளக்கு இரவெல்லாம் எரிந்து ஓய்ந்திருக்கும். கிறிஸ்துமஸ் திருநாளைக் கொண்டாடும் சகோதரர்களுக்கு நமது மனமார்ந்த வாழ்த்துக்கள். ஆனால் வாழ்த்துரைப்பதோடு பத்திரிகையின் கடமை முடிந்துவிடுவதில்லை. அந்த விளக்கு எதன் பொருட்டு ஏற்றப்படுகிறது என்பதையும், அது எங்கெங்கே இன்னும் எட்டவில்லை என்பதையும் நேயர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

கிறிஸ்து மார்க்கத்தில் ஒளி என்பது வெறும் அலங்காரமன்று. யோவான் எழுதிய சுவிசேஷத்தின் முன்னுரையிலேயே ஒளியைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. ஏசுநாதர் தம்மை உலகத்தின் ஒளியென்று கூறிக்கொண்டதை அனைவரும் அறிவர். மலைமீது செய்த பிரசங்கத்தில் தம் சீடர்களையும் அவர் அதே பெயரால் அழைத்தார் என்பதை அவ்வளவு பேர் நினைப்பதில்லை. விளக்கைக் கொளுத்தி மரக்காலுக்கடியில் மூடிவைப்பார் இல்லை என்றும், வீட்டிலுள்ள யாவருக்கும் வெளிச்சம் தரும்படி தண்டின்மேல் வைப்பார்கள் என்றும் அவர் போதித்தார். யாவருக்கும் என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் பெறும் குழந்தைக்காக, உயிர்த்தெழுந்த திருநாளின் பெரிய மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு சிறு திரி ஏற்றிப் பெற்றோர் அல்லது ஞானப்பெற்றோர் கையில் கொடுக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கழித்து நாற்பதாம் நாளாகிய பிப்ரவரி 2ஆம் தேதியன்று கோயிலில் மெழுகுவர்த்திகள் மந்திரிக்கப்படுகின்றன. ஆகவே, அந்த ஒளி பார்த்து மகிழ்வதற்காக மட்டும் வைத்ததன்று. கையில் ஒப்படைக்கப்பட்ட ஒரு பொறுப்பு.

இந்தத் தீபம் நம் சீமைக்குப் புதிதுமன்று. விராலிமலைப் பக்கத்து ஆவூரில் 1747ஆம் வருஷத்துக் கோயில் இன்றும் நிற்கிறது. அதற்கு முன்பே அங்கே சேசு சபைக் குருமார் ஊழியம் செய்து வந்தனர். ‘தேம்பாவணி’ பாடியவரும், 1732இல் ‘சதுரகராதி’ தொகுத்தவருமான வீரமாமுனிவரின் பெயரும் அவ்வூரோடு சேர்ந்தது. இத்தாலியில் பிறந்து, தமிழைத் தம் பாஷையாக்கிக்கொண்ட அப்பெரியார், தாம் கொண்டுவந்த விளக்கைத் தமிழ் எண்ணெயிலேயே எரித்தார் என்று சொன்னால் பிழையாகாது.

நம் ஜில்லாவுக்கு வேறொரு விளக்கின் சரித்திரமும் உண்டு. 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் பரவியபோது, பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் பாடுபட்ட லக்ஷக்கணக்கான ஜனங்கள் மாலையில் சிலேட்டுப் பிடித்தார்கள். படித்த வாலிபர்களும் பெண்களும் தொண்டர்களாக முன்வந்து கற்பித்தார்கள். கிராமத்து ஸ்திரீகள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறக் கற்று, பிறர் தயவை எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் சென்றார்கள். கேலி பேசியவர்கள் நாளடைவில் வாயடைத்துப் போனார்கள். ஒளியை வாழ்ந்து காட்டுவது எப்படி என்று கேட்போர்க்கு அயலூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

நிற்க. மறைக்கத் தகாத மற்றொரு சம்பவமும் உண்டு. 2022ஆம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26ஆம் தேதி, இதே ஜில்லாவின் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. குழந்தைகள் நோயுற்ற பிறகே உண்மை தெரிந்தது. விசாரிக்கச் சென்ற கலெக்டர், அடுத்த இறையூரில் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வழக்கம் இருந்ததையும், கோயிலுக்குள் அம்மக்கள் அனுமதிக்கப்படாததையும் கண்டார். அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார். குற்றம் செய்தவர் யார் என்பது பற்றிப் போலீசார் 2025இல் கோர்ட்டில் சமர்ப்பித்த குற்றப்பத்திரிகையும் பெரும் ஆக்ஷேபணைக்கு உள்ளாயிற்று. தீர்ப்புச் சொல்வது நியாயஸ்தலத்தின் வேலை. அதில் நாம் பிரவேசிக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டு குவளைகள் யார் கண்ணுக்கும் தெரியும்படியே வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் காண வழக்கும் சாக்ஷியும் தேவையில்லை. அரசியல் சாசனத்தின் 17ஆவது ஷரத்து தீண்டாமையை ஒழித்து எழுபது வருஷங்களுக்கு மேலாகியும், அவ்வழியே சென்று வந்த எத்தனையோ கற்றோர் அவற்றைக் கண்டும் காணாதிருந்தனர். அதுவே இருட்டு.

‘இது ஹிந்து சமூகத்தின் நோய்’ என்று கிறிஸ்தவ அன்பர் ஒருவர் கூறுவாரானால், அவருக்கு ஒரு விஷயத்தை நினைவூட்டுவோம். பக்கத்துத் திருச்சிராப்பள்ளியில், மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறையின் நடுவே செத்தவர்களையும் ஜாதிப்படி பிரித்த சுவரை எதிர்த்துக் கிளர்ச்சி நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கைப் பத்திரத்தில், திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை நிலவுவதைத் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். அந்த ஒப்புதலை நாம் மதிக்கிறோம். குற்றத்தை உணர்வது பாதி வெளிச்சம். மற்றப் பாதி அதைத் திருத்துவது.

1950ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, ஹிந்து அல்லாத ஆதிதிராவிடரை அட்டவணை ஜாதியாரின் சலுகையிலிருந்து விலக்கிற்று. பிறகு 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. மதம் மாறினாலும் ஜாதியின் கொடுமை மாறவில்லை என்பதே அவர்களுக்காக வாதாடுவோர் கூறும் காரணம். அவ்வாதம் நியாயமானதென்றே நாம் கருதுகிறோம். ஆனால் சட்டம் பயின்றவர் யாரும் அடுத்த கேள்வியையும் கேட்பார்: அக்கொடுமையைச் செய்கிறவர் யார்? ராஜாங்கத்தின் வாசலில் இந்த நியாயத்தைக் கேட்கப் போகிறவர்கள், தங்கள் கோயில் முற்றத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் முதலில் அதை வழங்கிவிட்டுப் போனால், அவர்கள் வழக்குக்கு அதைவிடப் பலமான சாக்ஷியம் வேறு வேண்டுமோ?

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்லும் புத்தியன்று. கார்த்திகைக்கு அகல் வரிசை வைக்கும் ஹிந்துக்களுக்கும் இதில் சரிபாதி உண்டு. அகல் விளக்கானாலும் நட்சத்திர விளக்கானாலும், ஜாதி பார்த்து வெளிச்சம் தருவதில்லை. நெருப்புக்குள்ள இந்த நேர்மை அதை ஏற்றிய கைக்கு இல்லாமற் போவது எவ்வளவு வெட்கக்கேடு!

ஆகையால் நாம் கேட்பது பெரிய தியாகமன்று. டிசம்பர் 25ஆம் தேதி முதல் மெழுகுவர்த்தித் திருநாள் வரையுள்ள நாற்பது நாட்களில், நட்சத்திரம் கட்டிய ஒவ்வொரு குடும்பமும் தன் ஊரில் மூன்று இடங்களை நேரில் சென்று பார்க்கட்டும்: குடிதண்ணீர் எடுக்கும் இடம், தேநீர்க் கடை, பிணம் புதைக்கும் இடம். அங்கே பேதம் இருந்தால் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசட்டும்; இல்லாதிருந்தால், அடுத்த ஊருக்குச் செல்லட்டும். குருமார் பிரசங்கத்தில் இதைக் கூறட்டும். ஹிந்துப் பெரியோர்கள் கூட நடக்கட்டும்.

ஜனவரி பிறந்ததும் காகித நட்சத்திரத்தை இறக்கி மடித்துப் பரண்மேல் வைத்துவிடுவோம். அதில் தவறில்லை; காகிதம் நனையும், கிழியும். அது காட்டிய வழியில் ஒரு வீட்டுக்காவது, ஒரு கிணற்றுக்காவது நடந்து சென்ற பிறகு அதை இறக்கினோமா என்பதே கேள்வி.