இ20 பெட்ரோல்: எஃப்1-க்கு எஞ்சினையே மாத்தினாங்க... நம்ம பைக்குக்கு?

2022-ல் ஃபார்முலா 1 எரிபொருளில் 10% எத்தனால் கட்டாயமானது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. பவர் குறையுமே, என்ன செய்தார்கள்? விதி முன்கூட்டியே தெரிந்ததால், எஞ்சினையே அதற்கேற்ப மாற்றினார்கள். 2026-க்கான எஞ்சின் விதிகளும் 2022 ஆகஸ்ட்டிலேயே முடிவாகிவிட்டன.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறும் பழைய பைக்குக்கு அந்த வசதி இல்லை. ஆனால், பங்க்கில் இப்போது கிடைப்பது 20% எத்தனால் கலந்த இ20தான். பழைய டூவீலர்களில் மைலேஜ் 3-4% குறையலாம் என 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது.

கள்ளக்குறிச்சி கரும்பு விளையும் மாவட்டம். எத்தனால் வேண்டாம்னு யாரும் சொல்லலை. பழைய வண்டி வச்சிருக்கிறவருக்கு இ10 பெட்ரோலும் கிடைக்கணும். அதுதான் நியாயம்.