கடலுக்குப் போகும் நுகேகொடை

கொழும்புக் கரையோரத்தைச் சுத்தப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கண்ணில் குத்துவது தள்ளுவண்டிதான். அதைத் தூக்கிவிட்டால் பாதிச் சுத்தம் வந்துவிடும் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கும் உண்டு. மாடியிலிருந்து கடல் பார்ப்பவர்களுக்கும் உண்டு. அந்த வண்டிக்குப் பின்னால் நிற்பது பல இடங்களில் ஓர் இளம் கணவனும் மனைவியும். அவன் இறால் வடையைப் பொரித்தெடுக்க, அவள் சம்பல் போட்டுக் கொடுத்து மிச்சக்காசு எண்ணுகிறாள். காலிமுகத்திடலிலிருந்து தெஹிவளை வரை மாலை வேளையில் போனால், அன்னாசித் துண்டு, மாங்காய் அச்சாறு, அவித்த கடலை என்று இப்படி இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பிழைப்புகளைப் பார்க்கலாம். மழை பெய்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. கரை நாறினாலும் இல்லை.

அவர்களிடம் வாங்கித் தின்றபடி கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர்களிலும் இளம் சோடிகள் நிறைய. யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வேலைக்கு வந்து, கலியாணம் முடித்து, வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் நுகேகொடை அனெக்ஸ்களிலும் ஒற்றை அறையில் குடியிருப்பவர்களுக்குக் காசில்லாமல் காற்று வாங்க வேறு இடம் ஏது? மரைன் டிரைவும் அதற்கப்பால் தண்டவாளம் தாண்டிக் கிடக்கும் மணலும்தான் அவர்களுக்கு முற்றம். ஒரு சோடிக்குத் தொழிற்களம், இன்னொரு சோடிக்கு இளைப்பாறும் இடம். இரண்டும் ஒரே கரைதான்.

இது யாருக்கான இடம் என்ற கேள்விக்கு இந்த நகரத்தில் ஒரு பழைய பதில் இருக்கிறது. காலிமுகத்திடல் நடைபாதையை 1859இல் கட்டி முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைப் பேணுமாறு தனக்குப் பின் வருவோரைக் கேட்டு ஒரு கல்வெட்டு நிறுத்தினார். பின்வந்தோர் என்ற கணக்கில் இன்று நாம் எல்லோரும் அடக்கம்.

கரையை அழுக்காக்குவது யார்? ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடியோடு மழை கொட்டினால், மறுநாள் காலையில் வெள்ளவத்தைக் கரையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பாருங்கள்: லஞ்ச் சீட், யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தல், குழந்தைகளின் பம்பர்ஸ், ஒற்றைச் செருப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றை எந்தத் தள்ளுவண்டியும் விற்பதில்லை. இவை வீடுகளிலிருந்து வந்தவை. நுகேகொடையில் ஹைலெவல் வீதியின் இரு மருங்கிலும் பெய்யும் மழையில் பெரும்பங்கு வடிகானில் இறங்கி, சிறு வாய்க்கால்கள் வழியே கிருலப்பனை, வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய்களைச் சேர்கிறது. வெள்ளவத்தைக் கால்வாய் ஸவோய் திரையரங்குக்குப் பக்கத்தில் காலி வீதிப் பாலத்தின் கீழ் புகுந்து, தண்டவாளத்தையும் கடந்து கடலில் விழுகிறது. அது கொண்டுவந்ததை அலை திருப்பிக் கரையிலேயே எறிகிறது. நுகேகொடையில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் நுகேகொடை எறிவது கடலுக்குத் தெரியும்.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கரையோர வலயம் கரையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், கடல்பக்கம் 2 கிலோமீற்றர். கடலோடு தொடர்புள்ள ஆறு, களப்பு போன்ற நீர்நிலைகளில் மட்டும் அந்த எல்லை உள்ளே 2 கிலோமீற்றர் வரை நீளும். நீர்வழியோடு கரையும் உள்நாட்டுக்குள் வருகிறது என்பதுதான் அதன் பொருள். அந்தக் கோடும் நுகேகொடையை எட்டுவதில்லை. கோட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சட்டத்தில் பங்கில்லை என்றாலும், குப்பையில் பங்கிருக்கிறது.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2ஆம் திகதி மூழ்கத் தொடங்கியது. அதிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கலந்தன. மீன்பிடித் தடை வந்தது. கரையோரத்துப் பிழைப்புகள் முடங்கின. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அந்தக் குற்றத்துக்குக் கப்பலும் உரிமையாளரும் இருந்தார்கள். வழக்குப் போட முடிந்தது. கால்வாய் வழியே ஒவ்வொரு மழைக்கும் வருவதற்கு உரிமையாளர் இல்லை. அதனால் நட்டத்தை வண்டிக்காரரும், குப்பை பொறுக்கும் மாணவர்களும், வலையோடு பொலித்தீனை இழுக்கும் மீனவர்களும் சுமக்கிறார்கள்.

வண்டிக்காரர்களும் குப்பை போடுகிறார்கள் என்று சொன்னால், அது உண்மை. வடை சுற்றிய தாள் காற்றில் பறப்பதை யாரும் மறுக்க முடியாது. வரி கட்டுகிறோம், மாநகரசபை அள்ளட்டும் என்று வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சபையோ, பிரித்துக் கொடுக்காத குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று கேட்கிறது. மீதொட்டமுல்லையில் 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் குப்பை மலை சரிந்து 32 பேர் மாண்ட பிறகு, அதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. எல்லோரிடமும் பாதி நியாயம் இருக்கும்போது, ஆளுக்கு ஆள் விரல் நீட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. தத்தம் மீதிப் பாதியை அவரவர் செய்வதே வழி.

தடைகளுக்கும் திட்டங்களுக்கும் குறைவில்லை. லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டன. பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழாயும் தட்டும் 2023 ஒக்டோபரில் தடைசெய்யப்பட்டன. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் தொடங்கியது. செப்டம்பர் வந்தால் கடற்கரைச் சிரமதானம் நடக்கிறது. அதற்கு வரும் பிள்ளைகளுக்கு நன்றி. ஆனால் கால்வாயின் வாயில் நின்று பொறுக்கும் வேலைக்கு முடிவே இல்லை. வேலை மேலே, நம் ஒழுங்கையில் தொடங்க வேண்டும்.

முதலில் சபைகள். நுகேகொடையின் மழைநீர் கோட்டே, தெஹிவளை–கல்கிசை, கொழும்பு என்று மாநகரசபை எல்லைகளைக் கடந்து போகிறது. 2023 மார்ச்சோடு பதவிக்காலம் முடிந்து ஆணையாளர்கள் கையில் இருந்த சபைகளுக்கு, 2025 மே 6 தேர்தலுக்குப் பின் கேள்வி கேட்கக்கூடிய உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். கால்வாய்களைப் பராமரிக்கும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தோடு இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரு கால்வாய்க்கு ஒரே அட்டவணை போடட்டும். மிதக்கும் தடுப்பு கட்டினால் போதாது. அதை யார், எந்த நாளில் வெறுமையாக்குவது என்பதைப் பொதுமக்கள் பார்க்க ஒட்டி வையுங்கள்.

அடுத்தது அனெக்ஸ் குடியிருப்பாளர். குப்பை வண்டி வரும் நேரம் இளம் தம்பதியர் இருவரும் பஸ்ஸில் நிற்கிறார்கள். பை வாசலில் கிடந்து நாய் கிழிக்கிறது, அல்லது இரவோடிரவாகக் கால்வாய்க் கரைக்குப் போகிறது. வேலைக்குப் போவோருக்கென்று மாலையில் திறந்திருக்கும் ஒரு சேகரிப்பு நிலையம் வட்டாரத்துக்கு ஒன்று வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர், வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் எழுதுவதுபோல் குப்பைக்கும் ஒரு வரி எழுதட்டும். கடைக்காரர் தன் கடை முன் உள்ள வடிகான் வாயைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

வண்டிக்காரருக்கு நிலையான இடமும் அனுமதிப்பத்திரமும் கொடுங்கள். பதிலுக்கு அவர் தன் இடத்தைச் சுற்றிப் பொறுப்பேற்கட்டும். நாளைக்கும் இதே இடத்தில் நிற்போம் என்று தெரிந்தவர்தான் அந்த இடத்தைக் கூட்டுவார். மாலை முழுதும் நின்று உழைக்கும் பெண்ணுக்கு, நடந்து போகும் தூரத்தில் ஒரு கழிப்பறையும், இருட்டிய பின் ஒரு விளக்கும், தண்டவாளத்தை அஞ்சாமல் கடக்க ஓர் ஒழுங்கான வழியும் வேண்டும். இவை சலுகைகள் அல்ல.

கடற்கரைக்குப் போகிறவர்கள் கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வரட்டும். பொலிஸாருக்கும், ஒழுக்கத்தைக் காக்கப் புறப்படும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: குடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் சோடியால் கரைக்கு ஒரு கேடும் இல்லை. அந்தக் கண்காணிப்பைக் கால்வாய்ப் பாலங்களுக்கு மாற்றுங்கள். பையோடு வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அகப்படுவார்கள்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டமோ பெரிய கடனோ தேவையில்லை. வண்டியைக் காப்பாற்ற நினைப்பவரும் கரையைக் காப்பாற்ற நினைப்பவரும் ஒரே கட்சிதான் என்று ஒத்துக்கொண்டால் போதும். வடை விற்கிறவரிடம் அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. போன மழைக்கு உங்கள் வீட்டுக் குப்பைப் பை எங்கே போனது என்று அவர் திருப்பிக் கேட்டால், பதில் சொல்லும் நிலையில் நாமும் இருக்க வேண்டும்.