‘டேப் கெட்டுவிட்டது’ என்பது நோயறிதல் அன்று

ஆய்வுத் தரவுகளைச் சேமித்து வைக்கும் நிறுவனங்களில் அவ்வப்போது கேட்கும் ஒரு வாக்கியம் உண்டு: “டேப் கெட்டுவிட்டது.” கணினிப் பிரிவு இப்படி எழுதிக் கொடுத்தால் துறை அதை ஏற்றுக்கொள்கிறது. டேப் ஒரு பெட்டிக்குள் போகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பெட்டி கழிவுப் பட்டியலுக்குப் போகிறது. அந்த வாக்கியம் முடிவுபோல ஒலித்தாலும் பல நேரங்களில் அது சோதிக்கப்படாத ஊகமே. அதைச் சோதித்துக் காட்டும்படி கேட்கும் உரிமையும் கடமையும் தரவைச் சேகரித்த ஆய்வாளர்களுக்கு உண்டு என்பதே இப்பதிவின் வாதம்.

மொழியியல் மாணவிக்கு டேப் லைப்ரரியில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அந்தமானின் போ மொழியை இறுதியாகப் பேசிய போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அவருடைய குரலை இனி எவரும் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. களப்பணியில் எடுத்த பதிவுகள் பலவற்றுக்கு இந்த நிலை இன்றோ நாளையோ வரும். அத்தகைய பதிவின் காப்புப்பிரதி ஒரு டேப்பில் இருக்குமானால், அந்த டேப்பைக் குறித்து எழுதப்படும் ஒற்றை வரி நம் துறைக்கு வெளியே நிற்கும் தொழில்நுட்பச் செய்தி அன்று.

டேப் பழைய காலத்துப் பொருள் என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிடலாம். 2000-இல் வந்த முதல் தலைமுறை எல்டிஓ கார்ட்ரிட்ஜ் 100 ஜிகாபைட் கொண்டது. 2021-இல் வந்த எல்டிஓ-9, சுருக்கம் இல்லாமலே 18 டெராபைட் கொள்கிறது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பங்கினரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான். டிரைவுக்கு வெளியே தன் அறையில் அமர்ந்திருக்கும் கார்ட்ரிட்ஜை எந்த மென்பொருளாலும் அழித்து எழுத முடியாது. அதன் வலிமை அங்கேயே இருக்கிறது.

டேப் லைப்ரரி என்பது ஒரே பொருள் அன்று. காந்த நாடா அடங்கிய கார்ட்ரிட்ஜ், அதை எழுதிப் படிக்கும் டிரைவ், அறைக்கும் டிரைவுக்கும் இடையே கார்ட்ரிட்ஜைக் கொண்டுசெல்லும் ரோபோ என்னும் மூன்றும், இவற்றைச் சர்வரோடு சேர்க்கும் கேபிளும் மென்பொருளும் கொண்ட தொகுதி அது. இவற்றில் எது பழுதானாலும் பயனர் காண்பது ஒன்றைத்தான்: காப்புப் பணி தோல்வி.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. படிக்க முடியாத பகுதியைச் சந்திக்கும்போது டிரைவ் அனுப்புவது ‘ஊடகப் பிழை’ என்னும் செய்தி. அச்செய்தியைச் சொல்வது டிரைவ். பழி விழுவது டேப்பின் மேல். டிரைவின் படிப்புமுனையில் தூசு படிந்திருந்தாலும் தேய்ந்திருந்தாலும் அதே செய்திதான் வரக்கூடும். சாட்சி சொல்பவரே சந்தேகத்துக்கும் உரியவர் என்னும்போது, சாட்சியத்தை அப்படியே தீர்ப்பாக எழுதுவது முறையாகாது.

இதைப் பிரித்தறியும் வழி நம் துறை மாணவர்க்குப் புதிதன்று. ‘கலம்’, ‘களம்’ என்னும் இணையில் மற்றவை அனைத்தும் அப்படியே நிற்க, ஓர் ஒலி மட்டும் மாறுகிறது. பொருள் மாறுவதால் லகரமும் ளகரமும் வெவ்வேறு ஒலியன்கள் என்று நிறுவுகிறோம். டேப் லைப்ரரியிலும் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். வேறு டிரைவிலும் அதே டேப் தவறினால் ஐயம் டேப்பின் மேல் வலுக்கிறது. அதே டிரைவில் வேறு டேப்களும் தவறினால் ஐயம் டிரைவுக்கு நகர்கிறது. ஒரு மாதத்தில் ஐந்து டேப்கள் ‘கெட்டன’ என்று பதிவாகி, ஐந்தும் ஒரே டிரைவில் ஏற்றப்பட்டவை என்று தெரியவந்தால், ஐந்து டேப்கள் கெட்டன என்பதைவிட ஒரு டிரைவ் கெட்டது என்பதே எளிய விளக்கம். டேப்பையும் டிரைவையும் கேபிளையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று எழுதினால் எது பழுது என்பது என்றைக்கும் தெரியாது.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. ஐயத்துக்குரிய டிரைவில் முதலில் ஏற்ற வேண்டியது முக்கியத் தரவு ஏதும் இல்லாத, நல்ல நிலையில் இருப்பது உறுதியான டேப். ஐயத்துக்குரிய டேப்பை நல்ல டிரைவில் ஏற்றுவதற்கு முன், கார்ட்ரிட்ஜின் சிறு கதவைத் திறந்து, நாடாவைத் தொடாமல், அதன் முனையில் உள்ள ஊசி இடம்பெயராமல் இருக்கிறதா, ஓடு விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே விழுந்த கார்ட்ரிட்ஜில் அந்த ஊசி நகர்ந்திருப்பது உண்டு. அதைப் பாராமல் ஒவ்வொரு டிரைவாக ஏற்றிச் சோதித்தால் ஒரு டேப்பின் பழுது எல்லா டிரைவ்களுக்கும் பரவும்.

ரோபோவின் பழுதுகள் வேறு வகை. ‘எடுக்க வேண்டிய இடத்தில் டேப் இல்லை’, ‘வைக்க வேண்டிய இடம் நிரம்பியிருக்கிறது’ என்னும் செய்திகள் பெரும்பாலும் இயந்திரம் வைத்திருக்கும் கணக்கும் உண்மை நிலையும் பொருந்தாததைக் குறிக்கின்றன. யாரோ கையால் டேப்பை இடம் மாற்றியிருக்கலாம். பார்கோடு சாய்வாக ஒட்டப்பட்டிருக்கலாம். சென்சாரில் புழுதி படிந்திருக்கலாம். இருப்பை மீண்டும் கணக்கெடுக்கச் செய்தாலே தீர்பவை பல. புதிதாக நிறுவிய லைப்ரரியில் ரோபோ அசையவே மறுத்தால், பயணத்துக்காகப் போட்ட பூட்டு அகற்றப்பட்டதா என்று பார்ப்பது முதல் வேலை.

பழுதே இல்லாத பழுதுகளும் உண்டு. புதிய எல்டிஓ-9 டேப் முதன்முறை ஏற்றப்படும்போது தன்னைச் சீரமைத்துக்கொள்ள இரண்டு மணி நேரம் வரை எடுக்கக்கூடும். இடையில் ‘உறைந்துவிட்டது’ என்று மின்சாரத்தை நிறுத்துபவரே பழுதை உண்டாக்குகிறார். எல்டிஓ-8 டிரைவ், எல்டிஓ-7 டேப்பைப் படிக்கும். எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது. பழைய டேப் கெட்டதாகத் தோன்றுவது அங்கே தலைமுறை வேறுபாட்டால் மட்டுமே. கிளீனிங் கார்ட்ரிட்ஜுக்கும் பயன்பாட்டு எல்லை உண்டு. பொதுவாக ஐம்பது முறை. அதைக் கடந்ததைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டிருந்தால் டிரைவ் மீண்டும் மீண்டும் தூய்மை கேட்பதில் வியப்பில்லை.

நம் தரவுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மொழிக் களப்பதிவு என்பது ஆயிரக்கணக்கான சிறு ஒலிக்கோப்புகளும் குறிப்புரைக் கோப்புகளும் ஆகும். அவற்றை ஒவ்வொன்றாக நேரே டேப்புக்கு அனுப்பினால், டிரைவின் வேகத்துக்குத் தரவு வந்து சேராது. நாடா நின்று, பின்னோக்கிச் சென்று, மீண்டும் தொடங்கும். இப்படி முன்னும் பின்னும் இழுபடுவது நாடாவையும் முனையையும் தேய்க்கிறது. கோப்புகளைப் பெரிய தொகுப்புகளாகக் கட்டி, வேகமான வட்டில் வைத்து, அங்கிருந்து எழுதுவதே தீர்வு. இது ஆய்வாளரும் கணினிப் பிரிவும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

நான் கடுமையாக மறுப்பது ஒரு பழக்கத்தை: பழுது கண்டவுடன் இயந்திரத்தை அணைத்துப் போடுவது. டிரைவ் எழுப்பும் எச்சரிக்கைக் குறிகளைப் படித்து வைக்காமல் மின்சாரத்தை நிறுத்தினால் அவை அழிந்துபோகலாம். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சிறு நினைவகச் சில்லில் அந்த டேப் அண்மையில் எந்த டிரைவ்களில் ஏற்றப்பட்டது என்ற வரலாறு எஞ்சியிருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. சான்றை அழித்தபின் எழுதும் அறிக்கை ‘டேப் கெட்டுவிட்டது’ என்று முடிவதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்குக் கணினிப் பிரிவு ஊழியரைக் குறை சொல்வது எளிது, அது நியாயமன்று. ஒரே டிரைவ் கொண்ட லைப்ரரியை வாங்கிவிட்டு, ஒப்பிட்டுச் சோதிக்கவில்லை என்று அவர்மேல் பழி போட முடியாது. கருவி வாங்கும் ஆண்டில் நிதி இருக்கிறது. பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் ஆண்டில் இருப்பதில்லை. ஒப்பந்தம் இருக்கும் இடத்திலும் நிறுவனத்தின் ஆள் பாகத்தை மாற்றிவிட்டுப் போகிறார், காரணம் எழுதப்படுவதில்லை. இரண்டாவது டிரைவ் பெருஞ்செலவு என்பார்கள். உண்மைதான். ஆனால் இனி எடுக்கவே முடியாத ஒரு பதிவின் விலையை அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது?

எனவே துறைக்கூட்டங்களில் நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, எந்த டேப், எந்த டிரைவ், எந்த நாள், என்ன செய்தி என்று காட்டும் பழுதுப் பதிவேடு. இரண்டு, வேறொரு டிரைவில் சோதிக்காமல் எந்த டேப்பும் கழிக்கப்படக் கூடாது என்னும் விதி. சொந்தமாக இரண்டாம் டிரைவ் இல்லாத இடத்தில் அருகிலுள்ள நிறுவனத்தோடு ஓர் உடன்பாடு. மூன்று, ஒவ்வொரு பருவத்திலும் சில டேப்களையாவது முழுமையாகப் படித்து மீட்டுப் பார்க்கும் ஒத்திகை. மீட்டுப் பார்க்காத காப்புப்பிரதி ஒரு நம்பிக்கை மட்டுமே. நான்கு, ஈடுசெய்ய முடியாத பதிவுகளுக்கு வேறு ஊரில் இரண்டாம் பிரதி.

ஆய்வேட்டில் ஒரு சொல்லின் பொருளைச் சான்றின்றி எழுதினால் நெறியாளர் திருப்பி அனுப்புவார். ‘கெட்டுவிட்டது’ என்பதும் ஒரு சொல்தான். அடுத்த முறை அது உங்கள் துறைக்கு வந்தால், எந்த டிரைவில், எத்தனை முறை, வேறு எதனோடு ஒப்பிட்டு என்று கேட்டு எழுதுங்கள்.