நாற்பது ரூபாய்க் குழாயும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் குழலும்

வடக்குப்பட்டில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிறு மாலை தொடங்கிய வழக்கு இது. எதிர்த்தரப்பு, என் பழைய மாணவன். இயற்பியல் படித்தவன். பகுதி ஒன்று தமிழுக்காக என் வகுப்பில் இரண்டாண்டுகள் அமர்ந்தவன். இப்போது ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சிஎன்சி எந்திரத்தில் வேலை. என் மகளின் புல்லாங்குழலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவுங்க ஐயா இது?" என்றான். 3,500 ரூபாய் என்றேன். சிரித்துவிட்டான். "ஒரு மூங்கில் துண்டு, ஒன்பது ஓட்டை. நாங்கள் ஒரு ஷிப்டில் ஆயிரம் ஓட்டை போடுகிறோம். ஒன்றுக்கொன்று மயிரிழை மாறாது. இதற்குப் போய் மூவாயிரத்து ஐந்நூறா?"

அவனுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று இலக்கிய நண்பர்கள் சிலரிடம் கேட்டேன். கிடைத்த பதில்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒன்றே. மூங்கிலுக்கு உயிர் இருக்கிறது, கைவினைஞனின் மூச்சு அதில் கலந்திருக்கிறது, எந்திரம் ஆன்மாவைத் துளையிட முடியாது, இத்தியாதி. ஒரு நண்பர் பெரும்பாணாற்றுப்படையையே துணைக்கு அழைத்தார். தீக்கடைகோலால் துளை சுட்டுக் குழல் செய்து ஊதும் இடையனை அந்நூல் காட்டுகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூல், ஆகவே நம் வட்டாரத்துச் சான்று வேறு! நண்பருக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். அந்த இடையன் தன் குழலை யாருக்கும் விற்கவில்லை. அவன் தம்புராவோடும் வயலினோடும் சுருதி சேர்த்தாக வேண்டிய கட்டாயத்திலும் இல்லை. ஆடுகள் கேட்டன, போதும். அவன் குழலைக் கொண்டு இன்றைய கச்சேரிக் குழலின் விலையை நியாயப்படுத்துவது, மாட்டுவண்டியைக் காட்டி ரயில் கட்டணத்தைப் பேசுவது போல.

இந்த ஆன்மா வாதத்தை நான் முற்றாக மறுக்கிறேன். அது மூங்கிலுக்கும் மரியாதை செய்யவில்லை, குழல் செய்பவருக்கும் மரியாதை செய்யவில்லை. 1971இல் ஜான் கோல்ட்மன் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, தாமிரம், மரம் ஆகிய மூன்றிலும் உள்ளளவு ஒன்றாகவே அமைந்த குழல்களைச் செய்து, பார்வைக்கு மறைத்து வாசித்துக் காட்டினார். இசைப் பயிற்சி உள்ளவர்களாலும் எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. குழலில் ஒலிப்பது மரமோ உலோகமோ அன்று, உள்ளே நிற்கும் காற்றுத்தூண். அதன் நீளம், அகலம், துளைகளின் இடம், அளவு, ஆழம், விளிம்பு ஆகியவையே நாதத்தைத் தீர்மானிக்கின்றன.

நம் பழைய உரைகாரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர் என்பது என் துணிபு. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்கு நல்லார் குழல் செய்யத்தக்கவை என மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தைச் சொல்கிறார். மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம் என்று தரவரிசையும் தருகிறார். நம்மவர்கள் மேற்கோள் காட்டுவது இந்த வரிசையோடு நின்றுவிடும். அதற்கப்பால் அவர் சொல்வதல்லவா சுவையானது! இளமரமும் கூடாது, முதிர்ந்து தளர்ந்ததும் கூடாது; வெட்டியதை நிழலில் ஆறவிட்டு, முறுக்கிக்கொள்ளாமலும் பிளவுபடாமலும் நிற்கிறதா என்று பார்த்து, ஓராண்டு கழிந்த பிறகே துளையிட வேண்டும் என்கிறார். அவருடைய கவலை மரத்தின் ஆன்மாவைப் பற்றியதாக எனக்குப் படவில்லை. உள்ளளவு நாளைக்கும் அப்படியே நிற்குமா என்பதே கவலை. ஓராண்டு காத்திருப்புக்கு அன்றும் யாரோ கஞ்சி ஊற்றியிருக்க வேண்டும்.

அப்படியானால் மாணவன் சொன்னதுதான் சரியா? அவனிடம் நான் வாதிடவில்லை. "செய்துகொண்டு வா தம்பி" என்றேன்.

அடுத்த ஞாயிறே வந்தான். 40 ரூபாய்க்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு. என் மகளின் குழலை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொண்டு போனவன், வீட்டில் கைத்துளைப்பான் கொண்டு எல்லாவற்றையும் அப்படியே போட்டிருந்தான். ஒரு முனையை ரப்பர் அடைப்பால் மூடியிருந்தான். மகள் வாசித்தாள். மத்திய ஸ்தாயி ஓரளவு நின்றது. மேல் ஸ்தாயிக்குப் போனதும் ஷட்ஜமே விலகிப் போயிற்று. பஞ்சமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மூங்கில் குழலில் முனையை மூடுவது உள்ளிருக்கும் கணு. அது வெளியே தெரியும் வளையத்திற்கு நேர் கீழே இருக்கும் என்று அவன் நினைத்துவிட்டான். உள்ளே அது எங்கே நிற்கிறது, வாய்த்துளைக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தே இரண்டு ஸ்தாயிகளும் ஒத்துப்போகும். போதாததற்கு மூங்கிலின் உட்புறம் குழாயைப் போல ஒரே அகலமாக இல்லை. அவன் துல்லியமாக நகலெடுத்தது ஓட்டைகளை மட்டும்.

விடுகிற பையன் அல்லன். வாரந்தோறும் ஒரு குழாய். துளையைப் பெரிதாக்கினால் சுரம் ஏறும் என்பதைக் கண்டான். ஏறியதை இறக்க வேண்டுமானால் மெழுகு வைத்து அடைப்பதைத் தவிர வழியில்லை என்பதையும் கண்டான். குளிர்ந்த குழலும் ஊதிச் சூடேறிய குழலும் ஒரே சுருதியில் நிற்பதில்லை என்பதைக் கண்டு ஒரு வாரம் குழம்பிக் கிடந்தான். பதினோராவது குழாய் பேசியது. உண்மையாகவே நன்றாக இருந்தது. என் மகள் அதில் வர்ணம் வாசித்தாள்.

"இதை என்ன விலைக்குக் கொடுப்பாய்?" என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டான். பதினோரு ஞாயிறுகள், ஓவர்டைம் கணக்கில் அவன் கம்பெனி தரும் கூலி, அந்தத் தொகை 3,500ஐ எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. ஆனால் கணக்கில் கெட்டிக்காரன். உடனே, "பன்னிரண்டாவதை அரைமணி நேரத்தில் செய்துவிடுவேன் ஐயா" என்றான்.

சரிதான். பிவிசி குழலை நான் பழிக்காததன் காரணம் இதுவே. எல்லாக் குழாயும் ஒன்றுபோல் இருப்பதால் ஒருமுறை கண்டுபிடித்த அளவு ஆயிரம் முறைக்குப் பயன்படும். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு அது போதும். முதல் மாதமே விலையுயர்ந்த குழலை வாங்கிவந்தால்தான் பாடம் என்று சொல்லும் ஆசிரியர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஏழை வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பும் செயல் அது. அதைக் கண்டிக்காமல் கைவினையைப் போற்றுவதில் எனக்கு ஈடுபாடில்லை.

மூங்கிலில் பன்னிரண்டாவது என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் மீண்டும் முதலாவது. ஒரு துண்டின் உட்புறம் நீள்வட்டம், அடுத்தது ஒருபக்கம் குறுகல், இன்னொன்றின் சுவர் தடிப்பு. நேற்றைய அளவு இன்று செல்லாது. செய்பவர் ஒரு துளையைச் சுட்டு, ஊதி, காது கொடுத்து, கொஞ்சம் விரித்து, மறுபடி ஊதி, அடுத்த துளைக்குப் போகிறார். ஏழாவது துளையில் பிழைத்தால் முதல் ஆறும் வீண். விற்பனைக்கு வரும் ஒரு குழலின் விலைக்குள் அடுப்புக்குப் போன குழல்களின் விலையும் இருக்கிறது. எங்கள் ஊரில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அத்தகைய இடங்களில் கருவிகளைவிடச் செதுக்கி எறிந்த சில்லுகள்தாம் மிகுதியாகக் கிடைக்கும் என்பார்கள். காட்சிப்பெட்டியில் நாம் பார்ப்பது கருவியை மட்டும்.

பொருள் முக்கியமில்லை என்றால் மூங்கிலைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கடைக் குழாய் சில அளவுகளில் மட்டுமே வருகிறது. நான்கரைக் கட்டைக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என அந்தந்தச் சுருதிக்கு ஏற்ற உள்ளகலத்தையும் சுவர்த்தடிப்பையும் தேர்ந்துகொள்ளும் வசதி மூங்கில் குவியலில்தான் இருக்கிறது. வியர்த்த உதட்டிலும் விரலிலும் அது வழுக்குவதில்லை. தவிர, நம் இசை சுரத்தில் நிற்பதன்று, சுரங்களுக்கு இடையே அசைவது. துளையைப் பாதி மூடி, கால்பங்கு திறந்து, விரலை உருட்டி எடுத்தால்தான் கமகம். சரப சாஸ்திரி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குழலைக் கச்சேரி மேடையின் நடுவே உட்கார வைத்தார். பின்னர் மாலி வாய்ப்பாட்டின் குழைவுகளைக் குழலிடமே கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து துளையின் விளிம்பில் ஒரு பிசிறு இருந்தாலும் அது சபையில் கேட்கும். இந்த நுட்பங்கள் அனைத்தையும் நிறைவேற்றும் குழலை நாளை ஒரு எந்திரம் நெகிழியில் செய்து தந்தால் தாராளமாக வாங்குங்கள், பாவமில்லை. ஆனால் அதையும் யாரோ ஒருவர் காதால் தேற வேண்டியிருக்கும், அந்தக் காதுக்கும் கூலி உண்டு.

அயர்லாந்துக்காரர்களின் தகரக் குழலைப் பாருங்கள். 1843இல் ராபர்ட் கிளார்க் இங்கிலாந்தில் தகரத் தகட்டைச் சுருட்டி விற்கத் தொடங்கியபோது அது ஏழைகளின் வாத்தியம். இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. கையால் செய்யப்பட்டவை அதைப்போலப் பலமடங்கு விலைக்கும் விற்கின்றன. மலிவானதை வாங்குகிறவர்களில் பலர், ஊதுமுனையின் அடியிலுள்ள பள்ளத்தை ஏதேனும் பசையால் நிரப்பி, முனையை முன்னும் பின்னும் நகர்த்தி, மணிக்கணக்கில் திருத்திய பிறகே வாசிக்கிறார்கள். என் மாணவனின் பதினோரு ஞாயிறுகள்தாம் அங்கும்.

விலை உயர்ந்த எல்லாக் குழலும் விலைக்குத் தகும் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டுநூல் சுற்று, வெல்வெட் உறை, பிரபல வித்வான் தொட்டுத் தந்த படம் ஆகியவற்றுக்காகக் கூடுதலாகக் கேட்கிறவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். மேல் ஸ்தாயியை வாசித்துப் பார்க்க விடாத கடையில் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

என் உண்மையான சண்டை நம்மோடுதான். கைவினை அழிகிறது என்று கண்ணீர் வடிய எழுதுகிறவர்கள் நாம். கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் செய்கிறார்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாகஸ்வரத்தைச் செம்மைப்படுத்திய ஊர். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம், பகிர்ந்தோம். இன்று அங்கே அதைச் செய்யும் குடும்பங்கள் ஒரு சிலவே. குறியீடு போலியைத் தடுக்கலாம்; அடுத்த வேளைக் கூலியை அது தராது. அந்தக் கூலி நாம் தருகிற விலையிலிருந்து வர வேண்டும். நாமோ இரண்டாண்டில் காலாவதியாகும் கைப்பேசியைக் கேட்ட விலைக்கு வாங்கிவிட்டுக் குழல் செய்பவரிடம் போய் பேரம் பேசுகிறோம்.

நாம் என்று சொல்வதில் நானும் அடக்கம். மகளின் குழலுக்கு அவர் கேட்டது 4,000. மூங்கிலின் உத்தம இலக்கணத்தைப் பற்றி அவருக்கே ஒரு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு 500 ரூபாயைக் குறைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. குழலை எடுத்து ஒருமுறை ஊதிப் பார்த்து, ஐந்தாம் துளையில் ஒரு உரசு உரசி, துணியில் துடைத்துத் தந்தார்.

சென்ற மாதம் மாணவனை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். அந்த 500 ரூபாயை நீட்டியபோது, பழைய கணக்கை ஏன் கிளறுகிறீர்கள் என்று கூச்சப்பட்டார். பிறகு வாங்கிக்கொண்டார். பிவிசி குழலைக் காட்டலாமா வேண்டாமா என்று பையன் தயங்கி நின்றான். அவரே கைநீட்டி வாங்கி, தார ஸ்தாயியில் ஒரு இழுப்பு இழுத்தார்.

"அடைப்பை ஒரு நெல் அளவு உள்ளே தள்ளணும் தம்பி" என்றார்.