இளைப்பாறியவர்களின் காதல்

2022 டிசம்பர் 31 ஆம் திகதி அறுபது வயதைக் கடந்த இலங்கை அரச ஊழியர்கள் பெருந்தொகையாக இளைப்பாறினார்கள். ஓய்வு வயதை 65 ஆக உயர்த்திய அரசாங்கம், ஓராண்டுக்குள் அதை மீண்டும் 60 ஆக்கியதன் விளைவு அது. அன்று மேசை லாச்சியின் சாவியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிய, 1962 இல் பிறந்த ஒருவருக்கு 1983 ஜூலையில் வயது இருபதோ இருபத்தொன்றோ.

கொழும்பின் பொரளையை அறிந்த தமிழருக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். 1983 ஜூலை 24 ஆம் திகதி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரின் இறுதிக் கிரியைக்காகக் கனத்தை மயானத்தில் கூட்டம் திரண்டது. அன்றிரவு பொரளையில் தமிழருக்கெதிராக மூட்டிய தீ மறுநாள் கொழும்பெங்கும் பரவியது. அருகே வெலிக்கடைச் சிறையில் 25 ஆம், 27 ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள்.

காதலிக்கவேண்டிய வயதில் அந்தத் தலைமுறை அகதி முகாம்களிலும் காங்கேசன்துறைக்குப் போன கப்பல்களிலும் இருந்தது. பேசி முடித்த கலியாணங்கள் குழம்பின. தம்பி தங்கைகளை வெளிநாட்டுக்கு அனுப்ப உழைத்து, தமக்கென ஒன்றும் தேடாமல் இருந்துவிட்டவர்கள் எத்தனையோ பேர். போரில் துணையை இழந்து, பிள்ளைகளுக்காகவே வாழ்ந்த தாய்மாரும் தந்தைமாரும் இருக்கிறார்கள். இன்று பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும்; இவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிவீடுகளில் தனியே.

பொரளைச் சந்தியில் 154 ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும் வயதானவர்களைக் கவனியுங்கள். கையில் கிளினிக் கொப்பி, மருந்து உறைகள், மடித்த குடை. பலரும் தனியாகவே நிற்கிறார்கள். எப்போதாவது இருவர் சேர்ந்து வருவார்கள். ஒருவர் கொப்பியைப் பிரித்து, அடுத்த தவணை எப்போது என்று மற்றவருக்கு வாசித்துச் சொல்வார். பஸ் வந்ததும் முதலில் மற்றவரை ஏற்றிவிடுவார். முதுமையில் காதல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். இதைக் கேட்பது பேராசையல்ல.

ஆனாலும் அறுபதைக் கடந்த ஒருவர் மறுமணம் என்று வாய் திறந்தால், "இந்த வயசில உனக்கு இதென்ன கூத்து?" என்று முதலில் கேட்பது சொந்த வீடுதான். முதிய ஆண்கள் இளம் பெண்களை மணப்பதை எதிர்த்த சீர்திருத்த மரபு நம்முடையது; அந்த எதிர்ப்பு நியாயமானது. ஒத்த வயதுள்ள இருவர் தாமாக விரும்பிச் சேர்வது முற்றிலும் வேறு விடயம். இலங்கையின் பொது விவாகச் சட்டம் வயதுக்குக் கீழெல்லையாக 18 ஐ வைத்திருக்கிறது. மேலெல்லை எதுவும் வைக்கவில்லை. அந்த எல்லையைப் போட்டது ஊர் வாய்.

கேரளத்தின் திருச்சூரில், இராமவர்மபுரம் அரச முதியோர் இல்லத்தில் 2019 டிசம்பர் 28 ஆம் திகதி ஒரு கலியாணம் நடந்தது. மணமக்கள் இருவருமே அறுபதுகளின் நடுப்பகுதியைக் கடந்தவர்கள், அந்த இல்லத்திலேயே வசித்தவர்கள். மணமகளின் காலமான கணவரிடம் சமையல் வேலையில் உதவியாளராக இருந்தவரே மணமகன். மாநில அமைச்சர் முன்னின்று நடத்திவைத்தார். ஹைதராபாத்தில் 2010 முதல் இயங்கும் 'தோடு நீடா' என்ற அமைப்பு, தனித்திருக்கும் முதியோர் துணை தேட உதவுகிறது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

பிள்ளைகளின் அச்சம் பெரும்பாலும் சொத்தைப் பற்றியது. அதை மனதில் பூட்டிவைக்காமல் வெளிப்படையாகப் பேசித் தீர்ப்பதே மேல். நம் நாட்டுச் சட்டப்படி, திருமணம் அதற்கு முன் எழுதிய மரணசாசனத்தை வலுவிழக்கச் செய்துவிடும். ஆகவே பதிவு முடிந்ததும் நொத்தாரிசிடம் போய்ப் புதிதாக எழுதவேண்டும். வீடு யாருக்கு, சீதனக் காணி யாருக்கு, ஓய்வூதியத்தை இந்தத் திருமணம் பாதிக்குமா என்பதையெல்லாம் முன்கூட்டியே விசாரித்து அறிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

துணை தேடுவதும் இளைப்பாறிய பின் ஒரு வேலையைத் தேடுவதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன: காலையில் எழும்பும்போது யாரோ தன்னை எதிர்பார்க்கிறார் என்ற நிச்சயம் மனிதருக்கு வேண்டியிருக்கிறது. நம் இலக்கிய உலகமே இதற்குச் சாட்சி. எழுபதை நெருங்கும் வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வந்த டொமினிக் ஜீவா, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 'மல்லிகை' இதழைத் தொடர்ந்து நடத்தினார். மலையகத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த தி. ஞானசேகரன், அறுபதை அண்மித்த வயதில், 2000 இல் 'ஞானம்' இதழைத் தொடங்கினார். 1964 இல் 'அக்கா' சிறுகதைத் தொகுப்பை வெளியிட்ட அ. முத்துலிங்கத்தின் அடுத்த தொகுப்பு 1995 இல்தான் வந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே அவருடைய எழுத்தின் பெரும்பகுதி பிறந்தது. மூவரையும் வாசகர்கள் எதிர்பார்த்திருந்தார்கள். அந்த எதிர்பார்ப்பு அவர்களைத் தளரவிடவில்லை.

2012 இல் இலங்கையரில் 65 வயதைக் கடந்தோர் 7.9 சதவீதம், 2024 குடிசன மதிப்பீட்டில் 12.6 சதவீதம். இனி வரும் ஆண்டுகளில் முதுமையில் துணை என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டும். கோயில்களும் தேவாலயங்களும் பழைய மாணவர் சங்கங்களும் முதியோரை ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவதோடு நிற்கக்கூடாது. அவர்கள் வாரந்தோறும் சந்தித்துப் பேச ஓர் அறையும், பொறுப்பாகச் செய்ய ஒரு வேலையும் கொடுக்கவேண்டும். நட்பு அங்கே தானாக வளரும். சிலருக்கு அது காதலாகவும் ஆகும்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அம்மாவோ அப்பாவோ தயங்கித் தயங்கி ஒருவரின் பெயரைத் தொலைபேசியில் சொன்னால், குறுக்கிடாமல் கேளுங்கள். அவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரியுங்கள். அது உங்கள் கடமை. மனம் நிறைந்தால் லீவு போட்டுக்கொண்டு வாருங்கள். விவாகப் பதிவுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. அதில் ஒரு கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.